சல்லியில் ஒரு விறாந்தை

கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை கொடுப்பது அம்மாவின் யோசனை. போர் ஓய்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. முழங்கால் வலி வந்தபின் அப்பாவுக்குக் கரைவலை இழுக்கப் போக ஏலாமல் போய்விட்டது. தம்பி கட்டாரில். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். “ரெண்டு அறை சும்மா கிடக்குது. பிள்ளையள் வந்து இருந்து படிக்கட்டும். வாடகையும் வரும், வீடும் கலகலப்பா இருக்கும்” என்றார் அம்மா.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே வந்தால் உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு. சாம்பல்தீவை ஒட்டிக் கடற்கரையில் இருக்கிறது எங்கள் சல்லி. மீன்பிடி ஊர். கடற்கரையில் முத்துமாரியம்மன் கோயில். பொங்கலுக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வந்து குவியும். அதற்கும் வடக்கே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் வளாகமாகியது. பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகக் கற்கைகளும், சித்த மருத்துவம் என்று அங்கே படிப்பு. விடுதியில் எல்லாருக்கும் எல்லா வருடமும் இடம் கிடைக்காது. வெளியே போர்டிங் தேடுகிற பிள்ளைகள் உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரை வீடு வீடாகக் கேட்டு வருவார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் வளர்ந்த பிள்ளை. மூதூரில் இருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை. முல்லைத்தீவில் இருந்து ஒருத்தி. அடுத்த வருடம் மொனராகலையில் இருந்து ஒரு சிங்களப் பிள்ளை. இந்த நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பங்கிடப்படுவது நீண்ட காலமாக இருந்துவரும் முறை. அதனால்தான் ஒன்றையொன்று அறியாத ஊர்கள் ஒரே அறையில் வந்து படுக்கின்றன. அந்த முறையைப் பற்றி ஆயிரம் வாதம் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு நன்றி உண்டு: எங்கள் வீட்டுக்கு அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது அதுதான்.

அம்மா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். உளவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே என்னால்தான் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளை சரியாக இல்லை என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பார். பிட்டைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் ஒதுக்கிவைத்திருக்கிறாளா, சூடை மீன் சொதியில் கை படவே இல்லையா, விடியற்காலை கிணற்றடியில் அளவுக்கு மீறி முகம் கழுவுகிறாளா. ஒன்றும் கேட்கமாட்டார். பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே குந்தியிருந்து வெங்காயம் உரிப்பார். அந்தப் பிள்ளை கதைத்தால் கேட்பார். கதைக்காவிட்டால் வெங்காயம் முடிந்ததும் எழும்பி வருவார்.

இதை நான் அப்போதே கவனித்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு எதிர்மாறானதைப் பலமுறை பார்த்திருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடல் வந்து போனபின் நாடு முழுவதும் 35,000 பேரளவில் இல்லாமல் போனார்கள். எங்கள் கரையோரம் முழுவதும் சாவு வீடாகியது. நாங்கள் கூடாரத்தில் இருந்த மாதங்களில் உதவி செய்ய வந்தவர்களில் பலர் தங்கமானவர்கள். சாப்பாடும் உடுப்பும் மருந்தும் தந்தவர்களை எங்கள் ஊர் மறக்காது. ஆனால் கையில் படிவத்தோடு வந்து, “கடல் வந்த நேரம் என்ன கண்டீர்கள், என்ன உணர்ந்தீர்கள்” என்று ஒரே இருப்பில் கேட்டு எழுதிக்கொண்டு போன குழுக்களும் இருந்தன. என் சின்னம்மா ஒருவர் அப்படிக் கேட்டவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். மகனின் கை நழுவிய நொடி வரை சொன்னார். கேட்டவர் அடுத்த கூடாரத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. அன்றிரவு சின்னம்மா நித்திரை கொள்ளவே இல்லை. பேரிடர் கண்டவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் அந்த முறை நன்மை தராது என்பது ஆய்வாளர்கள் கண்டு சொன்னது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், ‘பார், கேள், இணை’ என்ற மூன்றைத்தான் அடிப்படையாகச் சொல்கிறது. ஆளைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே என்பதும் அதில் இருக்கிறது. சின்னம்மாவைப் பார்த்த எவருக்கும் அது விளங்கும்.

பிறகு 2006 ஜனவரி 2. திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையடியில், ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நான் அப்போது உயர்தர வகுப்பு. அந்தக் கடற்கரையில் கடலை வாங்கித் தின்றுகொண்டு கதைத்திருப்பதுதான் நகரத்துப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அந்தப் பிள்ளைகளோடு படித்தவர்கள், பழகியவர்கள் எங்கள் டியூஷன் வகுப்பிலும் இருந்தார்கள். வகுப்பு திரும்பத் தொடங்கியபோது சேர் கரும்பலகையில் கணக்கை எழுதினார். நாங்கள் கொப்பியில் எழுதினோம். யாரும் ஒரு சொல் கதைக்கவில்லை. சேரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாத காலம் அது. அந்த வழக்கில் சந்தேகநபர்களான 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். எங்கள் வயதுக்காரருக்கு மௌனம் இப்படித்தான் பழகியது. திருகோணமலையில் ஒரு பிள்ளை வாய் திறந்து தன் துயரத்தைச் சொல்வதில்லை என்றால், அதற்குக் கூச்சம் மட்டும் காரணம் இல்லை என்பதை இங்கே வேலை செய்ய வருகிற ஒவ்வொரு உளவளத்துணையாளரும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மௌனத்தோடுதான் நான் தெற்கே படிக்கப் போனேன். முதல் வருடத்தில் பகிடிவதை. அதன் விவரம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. ஒரு கட்டத்தில் தாங்க ஏலாமல், மாணவர் ஆலோசகராக நியமிக்கப்பட்டிருந்த விரிவுரையாளர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அவரே ஒழுக்காற்று விசாரணையிலும் இருந்தார். நான் சொன்னதை அவர் விசாரணைக்குக் கொண்டுபோனார். பின்னேரம் ஆவதற்குள் நான் போய்ச் சொன்ன செய்தி என்னை வதைத்தவர்களின் காதுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அந்த வருடம் முழுவதும் நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஹொஸ்டல் அறைதான். 2009இன் முதல் மாதங்களில் எங்கள் விடுதியில் வன்னிப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். வீட்டாரோடு எந்தத் தொடர்பும் இல்லை. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. பகலில் விரிவுரை, இரவில் ஒரு சிறிய ரேடியோவைச் சுற்றி நாங்கள். செய்தி முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு யார் கட்டிலில் யார் என்றில்லாமல் படுத்துக்கொண்டு கதைப்போம். ஒருத்தி தன் தங்கச்சிக்குத் தலைமுடி பின்னிவிடுவது எப்படி என்று திரும்பத் திரும்பச் சொல்லுவாள். நாங்கள் கேட்போம். மே மாதம் போர் முடிந்தபிறகு செட்டிகுளம் முகாம்களில் இருந்து ஒவ்வொரு பெயராக வரத் தொடங்கியது. எல்லாப் பெயரும் வரவில்லை. அந்த அறையில் இருந்த எவருக்கும் உளவளத்துணை என்றால் என்னவென்று அப்போது தெரியாது. ஆனாலும் அந்த அறை இல்லாவிட்டால் எங்களில் சிலர் அந்த வருடத்தைத் தாண்டியிருக்கமாட்டோம் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

ஊருக்குத் திரும்பியதும் உளவளத்துணையில் டிப்ளோமா செய்தேன். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் வடுக்களைப் பற்றி எழுதியவற்றை அப்போதுதான் படித்தேன். காயம் தனி ஆளுக்கு மட்டும் படுவதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துப் படுகிறது. ஆகவே ஆறுதலும் ஊராகச் சேர்ந்து வரவேண்டும் என்பது அவர் விடாமல் சொல்லிவந்தது. மட்டக்களப்பில் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார் முன்னின்று 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரில் அடிபட்ட சிறுவர்கள் மண்ணோடும் நிறத்தோடும் விளையாடித் தேறினார்கள். அதைப் பற்றியும் கேள்விப்பட்டேன். எங்கள் கிழக்கில் இதற்கு முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

விறாந்தைக்கு வருகிறேன்.

ஒரு நாள் பின்னேரம் கரண்ட் போனது. ஆவணி மாதம், கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் இருக்க ஏலாமல் பிள்ளைகள் விறாந்தைக்கு வந்தார்கள். அம்மா பாயை விரித்துவிட்டு அவித்த கடலையைக் கொண்டுவந்து வைத்தார். ஹற்றன் பிள்ளை ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். செமஸ்டர் பெறுபேறு வந்திருந்தது. இருட்டில் முகம் தெரியாததால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். “எனக்கு லெக்சர்ல ஒண்ணுமே புரியலக்கா. எல்லாம் இங்லீஷ். எழுதிட்டு வந்து டிக்ஷனரி பாக்குறேன், அதுக்குள்ள அடுத்த லெக்சர் வந்துருது. வீட்டுல எல்லாம் நான் நல்லா படிக்கிறேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அம்மா கொழுந்து பறிச்சு காசு அனுப்புறாங்க.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முல்லைத்தீவுப் பிள்ளை, “எனக்கும் அப்பிடித்தான்” என்றாள். மூதூர்த் தங்கச்சி, “நான் வகுப்புல தலையாட்டிக்கிட்டு இருப்பன், ஒண்டும் விளங்கா” என்றாள். மொனராகலைப் பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. ஹற்றன் பிள்ளைக்குச் சிங்களம் நன்றாக வரும். அவள் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். கேட்டுவிட்டு மொனராகலைப் பிள்ளை நிமிர்ந்து, “மடத் எஹெமயி” என்றாள். எனக்கும் அப்படித்தான்.

அந்த இருட்டில் ஹற்றன் பிள்ளையின் தோள் இறங்கியதை நான் பக்கத்தில் இருந்து உணர்ந்தேன். அதுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மூச்சை விட்டாள். ஆங்கிலம் தெரியாது என்று அழுத பிள்ளைதான் அன்றிலிருந்து எங்கள் விறாந்தையின் மொழிபெயர்ப்பாளர்.

இப்படிப் பலர் கூடி ஆறுதல் தேடுவதை மருத்துவம் கவனிக்கத் தொடங்கியது நூறு வருடத்துக்கும் முந்தி. 1905இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், காசநோய்க்காரரை வகுப்பாகக் கூட்டி ஓய்வு, சுத்தமான காற்று, சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுத்தார். ஒருவரையொருவர் கண்டதாலேயே அவர்கள் தேறுகிறார்கள் என்பது போகப்போகத் தெரிந்தது. குழுச் சிகிச்சை பற்றி இர்வின் யாலொம் 1970இல் எழுதிய நூலில், குழு ஒன்று குணமாக்கும் வழிகளில் ஒன்றாக இதைத்தான் சொல்கிறார்: இந்தத் துன்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று அறிவது. டிப்ளோமாவில் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேன். அதன் பொருள் கரண்ட் போன அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு பின்னேரம் என்று ஆகியது. ஒழுங்குகளைப் பிள்ளைகளே வைத்தார்கள். போனை எல்லாரும் சுளகில் போட்டுவிட வேண்டும். ஒருத்தி கதைக்கும்போது மற்றவள் குறுக்கே விழக்கூடாது. கேட்காமல் புத்தி சொல்லக்கூடாது. விறாந்தையில் கேட்டதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. கொண்டுபோனால் பிறகு வரக்கூடாது. கதைக்க விருப்பமில்லாதவள் சும்மா இருக்கலாம், கடலை தின்னலாம். அழுகிறவளுக்கு உடனே லேஞ்சி நீட்டக்கூடாது என்பதும் ஒன்று. லேஞ்சி நீட்டினால் ‘அழுதது போதும்’ என்று சொன்னது மாதிரி இருக்கிறது என்று மூதூர்த் தங்கச்சி சொன்னாள். எந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவரும் அவளிடம் வந்து படிக்கலாம்.

பக்கத்து போர்டிங்குகளில் இருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வந்த கதைகளில் காதல் பாதி. தாயின் நுண்கடன் இன்னும் கொஞ்சம்: கிழமைக் கிழமை பணம் கட்டவேண்டிய அந்தக் கடன்களில் வடக்கு கிழக்குப் பெண்கள் மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. மகாபொல புலமைப்பரிசுக் காசு வந்ததும் அதைத் தாயின் தவணைக்கு அனுப்பிவிட்டு பிஸ்கட்டும் தண்ணீருமாக இருந்தவளை அம்மாவின் கோப்பைக் கணக்குத்தான் காட்டிக்கொடுத்தது. காணாமல் போன அண்ணனுக்காகத் தாய் கொட்டிலில் போராட்டம் இருக்க, தான் இங்கே படிப்பது துரோகமா என்று கேட்டவள் இருந்தாள். அதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை. அவளும் பதில் கேட்டு வரவில்லை.

பெடியன்களுக்கு விறாந்தை சரிவரவில்லை. ஒன்றிரண்டு பேர் வந்து, கதிரை நுனியில் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு வழி காட்டியவர் அப்பா. தன்னால் இழுக்க ஏலாவிட்டாலும், லீவு நாளில் விடியக் கரைவலை இழுக்க ஆள் காணாது என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். வலையின் இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, பின்னோக்கி நடந்து நடந்து இழுக்கிற வேலை. மடி கரைக்கு வந்தபின் நெத்தலியும் கீரியும் பாரைக் குட்டியும் வேறு வேறாகத் தெரிந்து போடவேண்டும். கையில் வேலை, கண் மீனில், முகம் பார்க்கத் தேவையில்லை. அப்போது கதைத்தார்கள். றாகிங் பற்றி, குடியைப் பற்றி, தகப்பனைப் பற்றி. அப்பா பெரும்பாலும் “ம்” என்று மட்டும் சொல்லுவார். உளவளத்துணைக்கு வரமாட்டார்கள் என்று ஆண் பிள்ளைகளைக் கைவிட்டுவிடும் நிறுவனங்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு: அறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அவர்கள் நிற்கிற இடத்துக்குப் போங்கள்.

லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி இலக்கத்தைத் திறந்தார். ஆட்கள் நேரிலும் வந்து காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கதைத்துக்கொண்டிருக்கத் தொண்டர்கள் சிலர் இருந்தார்கள். அந்தத் தேநீரோடும் பேச்சோடும் பலர் ஆறி, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அவர் அதைக் கண்டு, கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அந்த வழியில்தான் 1974இல் இலங்கையில் சுமித்ராயோ தொடங்கியது. 1986இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வைத் தொடங்கினார். சாட் வாராவின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். “தேத்தண்ணி குடுத்தா கதைப்பினம்தானே” என்றார், அதில் என்ன புதினம் என்பது போல.

ஆனால் தேத்தண்ணியால் தீராததும் உண்டு. அதை நான் மறைக்கக்கூடாது.

ஒரு வருடம், எங்கள் பின்னேரங்களுக்கு ஒழுங்காக வந்த பிள்ளை ஒருத்தி மெல்ல மெல்லக் கதையைக் குறைத்தாள். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு நாள் தன் கல்குலேட்டரை அறைத் தோழிக்குக் கொடுத்தாள். மறுநாள் குடையை இன்னொருத்திக்கு. “எனக்கு இனித் தேவைப்படாது” என்றாளாம். அறைத் தோழி அதை வேடிக்கையாக எடுக்காமல் ஓடிவந்து என்னிடம் சொன்னாள். அந்தப் பிள்ளையின் காலைத் தொட்டு நான் இன்றும் கும்பிடுவேன்.

குடையைக் கொடுத்தவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் நேராகவே கேட்டேன். “சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களா தங்கச்சி?” அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று சனம் பயப்படுகிறது. அந்தப் பயம் பிழை. கேட்பதால் எண்ணம் வருவதில்லை. உள்ளே தனியாக அதோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு யாரோ ஒருவர் கதவைத் திறந்தது மாதிரித்தான் இருக்கும். அவள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். நான் சத்தியம் வாங்கவில்லை, கடவுளைப் பற்றிக் கதைக்கவில்லை, தாய் தகப்பனை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை. “சொன்னது நல்லது. இண்டைக்கு இரவு நீங்கள் தனிய இல்லை” என்றேன். அம்மா தன் பாயை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுப் படுத்தார். மற்றப் பிள்ளைகள் முறை வைத்து விழித்திருந்தார்கள். விடிந்ததும் அவள் சம்மதத்தோடு அக்காவுக்குப் போன் எடுத்தோம். நகரத்து ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

அவளுக்கு இருந்தது மருந்து தேவைப்பட்ட மனச்சோர்வு. விறாந்தை எத்தனை நல்லதாக இருந்தாலும் அது வைத்தியம் ஆகாது. எங்கே நம் கை நிற்க வேண்டும், எங்கே வைத்தியரின் கை தொடங்க வேண்டும் என்று தெரியாத குழு ஆபத்தானது. மருந்து எடுத்தாள், ஒரு செமஸ்டர் விட்டுப் படித்தாள், பட்டம் பெற்றாள், இப்போது வேலையில் இருக்கிறாள்.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் சட்டத்தை இந்த நாடு 1998இல் நீக்கிவிட்டது. அதே 1998இல்தான் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடுக்கும் 20ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அதற்கு முந்திய வருடத்தில் பகிடிவதையால் மாணவர்கள் செத்ததால் வந்த சட்டம் அது. முதலாவது நீங்கியும் ஊரில் வெட்கம் நீங்கவில்லை. இரண்டாவது வந்தும் வதை நிற்கவில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் யுனிசெப்பும் சேர்ந்து செய்து 2022இல் வெளிவந்த ஆய்வில், அரச பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப்பேர் அளவில் சொல்லால் வதைபட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படி வதைபட்ட பிள்ளை யாரிடம் போவது? பெரும்பாலான வளாகங்களில் மாணவர் ஆலோசகர் என்றால் விரிவுரையாளர்தான். அவரே பாடம் எடுப்பவர், புள்ளி போடுபவர், பகிடிவதை நடக்கிறதா என்று ரோந்து போகிறவர். அவர்களில் இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கிற அருமையானவர்கள் இருக்கிறார்கள்; சிலரை நேரிலே தெரியும். அவர்கள் மேல் இரண்டு பாரத்தையும் ஏற்றியதுதான் பிழை. தண்டிக்கும் கையும் ஆற்றும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. புள்ளி போடும் கையாகவும் அது இருக்கக்கூடாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வளாகங்கள் மூடப்பட்டன. பாய் சுருண்டது. பிள்ளைகள் சூமில் விரிவுரை கேட்டார்கள். சிக்னல் கிடைக்காதவள் தோட்டத்து மலை உச்சிக்கு ஏறினாள். எங்கள் பின்னேரம் வட்ஸ்அப் குரல் செய்திகளாக நடந்தது. நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குள் தகப்பன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண்பிள்ளை என்னத்தைச் சொல்லுவாள்? 2022இல் இன்னொரு அடி. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, பெற்றோல் வரிசையில் ஆட்கள் நாள்கணக்கில் நின்றார்கள், 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. போர்டிங் காசு கட்ட ஏலாமல் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையைக் கட்டினார்கள். அம்மா வாடகை வேண்டாம் என்றார். “சோறு காணாட்டி கஞ்சி. இருங்கோ” என்றார். இருந்தவர்கள் இருந்து முடித்தார்கள்.

இப்போது அம்மாவுக்கு வயது போய்விட்டது. போர்டிங்கை நிறுத்திவிட்டோம். நான் வேறு இடத்தில் வேலை செய்கிறேன். அப்போதைய பிள்ளைகளில் சிலர் தாங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடங்களில், வேலை செய்கிற கந்தோர்களில், இப்படிச் சின்னக் கூட்டங்களை நடத்துகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சந்தோசம். ஆனால் ஒரு மாணவியின் உயிர், ஒரு மீனவக் குடும்பத்து அம்மாவின் நல்ல மனதை நம்பி இருக்கக்கூடாது.

ஆகவே பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு வளாகத்திலும் முழுநேர, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களை நியமியுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் பிள்ளையின் சொந்த மொழியில் கேட்கக்கூடியவர்களாக நியமியுங்கள். அவர்களை ஒழுக்காற்று விசாரணையின் பக்கமே விடாதீர்கள். அவர்கள் இருக்கும் அறைக்குப் போகிற வழி எல்லார் கண்ணிலும் படுகிற நிர்வாகக் கட்டடத்தினூடாக இருக்க வேண்டாம். மாணவர்கள் தாங்களே கூடிக் கதைக்கும் குழுக்களுக்கு ஓரிடமும், எப்போது வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்ற பயிற்சியும் கொடுங்கள். கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை கொடுத்திருக்கிற வீட்டுக்காரரே, சாப்பாட்டுக் கோப்பையைப் பாருங்கள். இதை வாசிக்கிற பிள்ளைக்கு இன்றிரவு தாங்க ஏலாமல் இருந்தால், பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். தட்ட மனம் வராவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். 1333உம் இருக்கிறது.